போர் வண்டி வேஷம்: சாலையில் கார்கள் ஏன் இப்படிப் பெருத்துப்போயின?

"ரோட்டில் வரும் வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகின்றன. பல வண்டிகளுக்கு ராணுவ வண்டியின் முகம் வேறு. இது ஏன்? பாதுகாப்பை நினைத்துப் பெரிய எஸ்.யூ.வி. வாங்குவது சரிதானா?" என்பது கேள்வி. இரண்டு பாதியும் ஒன்றில் ஒன்று மாட்டிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு வேடிக்கை. நிஜமாகவே போருக்குப் போன ஜீப் ஒரு சின்ன வண்டி. 1941 முதல் வில்லிஸ், போர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் அமெரிக்க ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் செய்து தந்த அந்த ஜீப்பின் நீளம் ஏறக்குறைய 3.36 மீட்டர். அகலம் 1.57 மீட்டர். எடை ஒரு டன்னும் கொஞ்சமும். இன்று அதன் வாரிசு என்று விற்கப்படும் நாலு கதவு ரேங்ளர் 4.8 மீட்டரை நெருங்குகிறது, அகலம் 1.87 மீட்டர், எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குண்டுகளுக்கு நடுவே ஓடியது சிறுசு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போவது பெருசு. ஆகவே ராணுவத் தோற்றம் என்று நாம் சொல்வது ராணுவத்திலிருந்து நேராக வந்ததில்லை. வழியில் எங்கோ கட்டிக்கொண்ட வேஷம் அது. எங்கே கட்டிக்கொண்டது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ராணுவ வண்டியில் ஒவ்வொரு அவலட்சணத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். பழைய ஜீப்பின் தகடுகள் தட்டையாக இருந்தது, அவசரத்தில் மலிவாக அடித்துத் தள்ளுவதற்காக. 1983ல் ஏ.எம். ஜெனரல் என்ற நிறுவனம் ஒப்பந்தம் பெற்றுச் செய்த ஹம்வீயை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே சுமார் 40 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆனால் வண்டி நெட்டையாகி எதிரியின் கண்ணில் படவும் கூடாது. அதனால் கியர்பாக்ஸையும் மற்ற உறுப்புகளையும் மேலே தூக்கி, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நடுவிலேயே வைத்துவிட்டார்கள். ஓட்டுபவர் ஒரு மூலை, பக்கத்தில் இருப்பவர் மறு மூலை, நடுவில் திண்ணை மாதிரி ஒரு மேடை. வண்டியின் அகலம் 2.2 மீட்டருக்குப் போனது இப்படித்தான். பானட்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு வளையங்கள் எதற்கு என்றால், ஹெலிகாப்டரில் மாட்டித் தூக்குவதற்கு.

1990ல் நடிகர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் ஓரிகன் மாநிலத்தில் படப்பிடிப்பில் இருந்தபோது, ஹம்வீக்கள் வரிசையாகக் கடந்து போவதைப் பார்த்து ஆசைப்பட்டு, எனக்கும் ஒன்று வேண்டும் என்று கம்பெனியை நச்சரித்தார். அடுத்த வருஷம் வளைகுடாப் போர். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஹம்வீ. 1992ல் அது ஹம்மர் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. ஹெலிகாப்டர் வளையமும் கூடவே வந்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் எந்த ஹெலிகாப்டர் வந்து தூக்கப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதுவரைக்கும் அது அசல். 1999ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹம்மர் என்ற பெயரை வாங்கி, 2002ல் எச்2 என்ற வண்டியைக் கொண்டுவந்தபோதுதான் வேஷம் ஆரம்பித்தது. அடியில் இருந்தது அந்தக் கம்பெனியின் பெரிய பிக்கப், எஸ்.யூ.வி.களின் சேஸியிலிருந்து எடுத்துக் கட்டியது. மேலே மட்டும் ஹம்வீயின் முகம். இங்கேதான் வடிவமும் வேலையும் பிரிந்தன. 2008 நெருக்கடிக்குப் பின் வாங்க ஆளில்லாமல் 2010ல் ஹம்மருக்கு மூடுவிழா நடந்தாலும், செங்குத்தான முகப்பு, குறுகலான கண்ணாடி, சதுரப்பட்ட தோள் என்ற அந்த ஒப்பனை மற்ற எல்லாக் கம்பெனிக்கும் தொற்றிக்கொண்டது. 1979ல் ராணுவங்களையும் மனதில் வைத்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரிக்க ஆரம்பித்த மெர்சிடிஸ் ஜி வண்டி இன்று தோல் இருக்கை போட்ட ஆடம்பரப் பொருள். ஜி.எம்.சி.யின் கனரக பிக்கப் ஒன்றின் முகப்பை வடிவமைத்தவர், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு வண்டி தன்னைப் பிடிக்க வருவது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே நிறைய நேரம் செலவிட்டோம் என்று பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். ஒளிவுமறைவே இல்லை.

சரி, ஜனங்களுக்குப் பிடிக்கிறது, கம்பெனிகள் செய்கின்றன, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜனங்களுக்குப் பிடிப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதியை எழுதியது சட்டப் புத்தகம்.

1960களின் தொடக்கத்தில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964ல் இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. வரி மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு பிக்கப் என்பது வெளியாள் நுழைய முடியாத கோட்டையாகிவிட்டது. கார் சந்தையில் ஜப்பான்காரனோடு மல்லுக்கட்ட வேண்டும். டிரக்கில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் 1975. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் கார்களுக்கு ஒரு கடுமையான இலக்கும் இலகுரக டிரக்குகளுக்குத் தளர்ந்த இலக்கும் வைக்க வழி செய்தது. டிரக் என்றால் விவசாயியும் கொத்தனாரும் ஓட்டுவது, அவர்களை ஏன் நெருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். கம்பெனிகள் வேறு மாதிரி படித்தன. டிரக் சேஸி மேல் ஐந்து பேர் உட்காரும் கூண்டைக் கட்டினால் குடும்ப வண்டியும் ஆச்சு, டிரக் சலுகையும் ஆச்சு. எஸ்.யூ.வி. என்ற இனம் கொழுத்தது இந்த இடைவெளியில்தான். பார்த்தால் கொழுகொழு என்று சின்னக் கார் போலவே இருந்த கிரைஸ்லர் பி.டி. குரூஸரே, எரிபொருள் கணக்கில் டிரக் என்றுதான் பதிவானது. அவ்வளவு நெகிழ்வான ஓட்டை.

ஓட்டையை அடைக்கப்போய் இன்னொன்று திறந்தது. 2011 மாடல்களிலிருந்து, நாலு சக்கரங்களும் அடைக்கும் பரப்பை வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் இலக்கு நிர்ணயித்தார்கள். பரப்பு கூடினால் இலக்கு தளரும். பொறியாளர் ஒருவரிடம் இந்த விதியைக் கொடுத்துவிட்டு, வண்டியைச் சிறிதாக்கு என்றால் அவர் சிரிப்பார். இதற்கு மேல் வருமான வரி. மொத்த எடை 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால் வாங்கிய வருஷமே செலவில் கழித்துக்கொள்ளலாம் என்பது விவசாயக் கருவிகளை மனதில் வைத்த சலுகை. 2003ல் அதன் உச்சவரம்பு 1,00,000 டாலருக்கு உயர்ந்ததும் டாக்டரும் வக்கீலும் ஹம்மர் வாங்கிக் கணக்கில் எழுதினார்கள். பெயரே ஹம்மர் ஓட்டை என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷமே எஸ்.யூ.வி.களுக்கு மட்டும் 25,000 என்று குறைத்தார்கள். ருசி கண்ட பூனை அதற்குள் பழகிவிட்டது.

லாபத்தைச் சொல்லவே வேண்டாம். பெரிய வண்டியைச் செய்ய ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம். விலையில் கூட்டிக்கொள்வது அதிகம். 2018ல் போர்டு நிறுவனம் அமெரிக்காவில் மஸ்டாங் தவிர மற்ற கார்களை நிறுத்திவிட்டு பிக்கப்பும் எஸ்.யூ.வி.யும் மட்டும் விற்கப்போவதாக அறிவித்தது. சின்னக் கார் கேட்டு ஆள் வரவில்லை என்பார்கள். கடையில் வைக்காத சரக்கை யார் கேட்பார்கள்? 2023ல் உலகத்தில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்.யூ.வி. என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை.

விதி மாறினால் வடிவமும் மாறும் என்பதற்கு எதிர் உதாரணம் ஜப்பான். அங்கே கேய் என்ற சின்ன வண்டி வகைக்கு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சி.சி. என்று சட்டம் வரம்பு கட்டி, வரியில் சலுகையும் கொடுத்தது. ஒரே நூற்றாண்டு, ஒரே தொழில்நுட்பம். அங்கே அந்தப் பெட்டிக்குள் எத்தனை பேரை வசதியாக உட்கார வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அமெரிக்காவில் பெட்டியையே பெரிதாக்கினார்கள்.

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். பெரிய வண்டியில் இருந்தால் எனக்கு நல்லது என்ற எண்ணம் முட்டாள்தனம் இல்லை, ஓரளவு உண்மை. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் கனமானது சின்னதைப் பின்னுக்குத் தள்ளும். சின்னதற்குள் இருப்பவர் உடம்பு தாங்க வேண்டிய அதிர்ச்சி கூடும். கனத்தில் இருப்பவருக்குக் குறையும். கவனியுங்கள், இங்கே பாதுகாப்பு புதிதாக உண்டாகவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் போகிறது. கொடுக்கல் வாங்கல் சமமாகவும் இல்லை. மிஷெல் ஒயிட் என்ற பொருளியலாளர் 2004ல் கணக்கிட்டார்: பெரிய வண்டியில் இருப்பவர்கள் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு உயிர்ப்பலி விபத்துக்கும் பதிலாக, மற்றவர்களுக்குக் குறைந்தது 4.3 உயிர்ப்பலி விபத்துகள் கூடுதலாக நேர்கின்றன. ஆண்டர்சன், ஆஃப்ஹாமர் என்ற இருவர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், மோதுகிற வண்டியின் எடை 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ கூடினால், மோதப்பட்ட வண்டியில் இருப்பவர் சாகும் வாய்ப்பு 47 சதவீதம் உயர்வதாகக் கண்டார்கள்.

இது தெரிந்த சின்ன வண்டிக்காரர் என்ன செய்வார்? அவரும் பெரிதாக வாங்குவார். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்றால் ஆளுக்கு ஒரு தடிதான். 2023 நவம்பரில் டெஸ்லாவின் சைபர்டிரக் பிக்கப்பை முதல் வாடிக்கையாளர்களிடம் கொடுத்தபோது எலான் மஸ்க், இன்னொரு காரோடு உங்களுக்குத் தகராறு வந்தால் ஜெயிப்பது நீங்கள்தான் என்கிற பொருளில் மேடையிலேயே பேசினார். மூன்று டன் எஃகு வண்டி அது. தகராறு பண்ணும் அந்த இன்னொரு காரில் யார் இருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில் வரவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காருக்கும் எஸ்.யூ.வி.க்கும் நடுவிலான ஏற்றத்தாழ்வு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் எஸ்.யூ.வி.யின் பம்பர் காரின் பம்பருக்கு மேலே ஏறிக் குத்தும். 2003ல் கம்பெனிகள் கூடிப் பேசி, அதிர்ச்சி தாங்கும் உறுப்புகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன, பலன் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2025ல் சொன்ன இன்னொரு சேதி பெரிய வண்டிப் பிரியர்களுக்கு இனிக்காது. சராசரியைவிட எடை குறைந்த வண்டியில் கொஞ்சம் எடை கூடினால் உள்ளே இருப்பவருக்கு நல்ல பலன். சராசரியைத் தாண்டிய பின் கூட்டும் ஒவ்வொரு கிலோவும் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. எதிரே வருபவருக்குத்தான் கேடு. அதாவது நடுத்தரக் காரிலேயே கிடைத்துவிடும் பாதுகாப்புக்கு மேல் மூன்று டன் வண்டி அதிகமாகத் தருவது மிடுக்கு மட்டும்தான்.

கார்க்காரர்கள் கதை இப்படி. காரே இல்லாமல் நடந்து போகிறவர் கதை வேறு. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

தாழ்ந்த முகப்புள்ள கார் ஒருவர் மேல் மோதினால் முதலில் அடி படுவது காலில். உடம்பு பானட்டின் மேல் சாய்ந்து உருளும். தலை வந்து விழும் இடத்தில் தகடு அமுங்கிக்கொடுக்கும்படி அடியில் இடைவெளி விட்டுச் செய்வார்கள். கால் எலும்பு முறியும். பெரும்பாலும் உயிர் தங்கும். சுவர் மாதிரி நிமிர்ந்த முகப்பு மோதினால் அடி இடுப்பிலும் நெஞ்சிலும். சாய்ந்து உருள இடமில்லை. ஆள் முன்னால் தள்ளப்பட்டுக் கீழே விழுவார். வண்டி அவர் மேலேயே வரும். ஐ.ஐ.எச்.எஸ். 2023ல் ஏறக்குறைய 18,000 விபத்துகளை அலசியது. பானட் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சரிந்த முகப்பு வண்டிகளைவிட, மோதிய நடையாளரைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 40 அங்குலம் என்றால் 1 மீட்டர், 2 சென்டிமீட்டர் கூட. நாலு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் அதேதான்.

மோதுவது ஒரு பக்கம். பார்ப்பது இன்னொரு பக்கம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பெரிய பிக்கப்பில் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 165 சென்டிமீட்டரில், பானட்டின் முன் விளிம்பு 125 சென்டிமீட்டரில், இரண்டுக்கும் நடுவே 2.2 மீட்டர் என்று வையுங்கள். பார்வைக் கோடு 2.2 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. அது தரையைத் தொடுவது வண்டிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் முன்னால். 95 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை பம்பரிலிருந்து 1.6 மீட்டருக்குள் நின்றால் உச்சந்தலை கூடத் தெரியாது. அதே கணக்கைச் சின்னக் காருக்குப் போடுங்கள்: கண் 115ல், பானட் விளிம்பு 72ல், நடுவே 1.9 மீட்டர். தரை 3 மீட்டர் சொச்சத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளை பம்பரை ஒட்டி நின்றாலும் தலை தெரியும். உயரத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரிகிறது என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது. காலடியில் இருப்பதுதான் மறைகிறது. பின்பக்கக் கேமரா அமெரிக்காவில் 2018 மே முதல் கட்டாயம். முன்பக்கத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை.

முன்கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தூண்களும் வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல விதியால் தடித்துவிட்டன. திரும்பும்போது சாலையைக் கடக்கிற ஒரு முழு ஆளை அந்தத் தூண் மறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2009ல் சுமார் 4,100 ஆக இருந்த நடையாளர் சாவு 2022ல் 7,500ஐத் தாண்டியது. இதற்கு வண்டியின் அளவு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வேகம், இருட்டு, கைப்பேசி, நடைபாதை இல்லாத அகலச் சாலை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நடந்த விபத்து உயிர்ப்பலியாக முடிவதில் முகப்பின் உயரத்துக்குப் பங்கு இருக்கிறது.

மின்சார வண்டி வந்தால் சரியாகும் என்று நினைத்தவர்களுக்கு ஹம்மரே மறுபிறவி எடுத்துப் பதில் சொன்னது. புதிய மின்சார ஹம்மரின் எடை சுமார் 4,100 கிலோ. அதில் பேட்டரி மட்டும் 1,300 கிலோ. ஒரு முழுக் காரின் எடை. இது நின்ற இடத்திலிருந்து மூன்று நொடி அளவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். 2024ல் முடிவு வெளியான ஒரு சோதனையில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சுமார் மூன்று டன் எடையுள்ள மின்சார பிக்கப் ஒன்றைச் சாலையோர இரும்புத் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தார்கள். தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த கான்கிரீட்டில்தான் நின்றது. அந்தத் தடுப்புகள் சுமார் 2,270 கிலோ வண்டியை வைத்துச் சோதிக்கப்பட்டவை. தெரு மாறவில்லை, வண்டி மாறிவிட்டது.

நிஜ ராணுவ வண்டியே ஊருக்குள் வந்த கதையும் உண்டு. இராக்கில் கண்ணிவெடி தாங்குவதற்காகச் செய்த எம்ராப் கவச வண்டிகளைப் போர் ஓய்ந்ததும் அமெரிக்க ராணுவம் உள்ளூர்க் காவல்துறைகளுக்குத் தள்ளிவிட்டது. 2014ல் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றதை எதிர்த்து பெர்குசன் என்ற ஊரில் நடந்த போராட்டத்தின்போது கவச வண்டிகளைத் தெருவில் பார்த்த பிறகுதான் நாடே விழித்தது. 2015ல் ஒபாமா போட்ட கட்டுப்பாடுகளை 2017ல் டிரம்ப் எடுத்துவிட்டார். அது போலீஸ் அரசியல். தனிக் கட்டுரைக்கான சங்கதி. தனியாருக்கும் கலிஃபோர்னியாவின் ரெஸ்வானி நிறுவனம் புகைத்திரையும் கைவைத்தால் மின்சாரம் பாயும் கதவுப் பிடியும் வைத்த கவச வண்டி விற்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எதிர்த்து நடப்பதும் இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் பாரிஸ் வாக்கெடுப்பு நடத்தியது. 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் வண்டியும் 2 டன்னுக்கு மேற்பட்ட மின்சார வண்டியும் வெளியூரிலிருந்து வந்தால் நகர மையத்தில் நிறுத்த மணிக்கு 18 யூரோ. வாக்களிக்க வந்தவர்கள் 6 சதவீதம் கூட இல்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு. அதே வருஷம் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸும் நார்வேயும் புதுக் காருக்கு எடைக்கேற்ப வரி போடுகின்றன. ஐரோப்பாவிலும் புதுக் காரின் சராசரி அகலம் 2018ல் 177.8 சென்டிமீட்டராக இருந்து 2023ல் 180.3 ஆகிவிட்டதால், அங்கே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உருப்படியாகப் படுவது லண்டன் செய்தது: ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள், நட்சத்திரம் குறைந்தால் கூடுதல் பாதுகாப்புக் கருவி பொருத்தாமல் ஊருக்குள் விடுவதில்லை. லாரிக்கு அளக்க முடிந்ததைக் காருக்கும் அளக்கலாம்.

வயலுக்குப் போகிறவர், டிரெய்லர் இழுக்கிறவர், மூட்டுவலியால் தாழ்ந்த இருக்கையில் உட்கார முடியாதவர் இவர்களுக்கெல்லாம் உயரமான வண்டி தேவைதான். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நீங்கள் பாதுகாப்புக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால், நல்ல மோதல் சோதனை மதிப்பெண் பெற்ற நடுத்தரக் கார் போதும். அதற்கு மேல் போவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஷோரூமில் ஒன்று செய்து பாருங்கள். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கூட வந்தவரை ஒரு மீட்டர் குச்சியை பம்பரை ஒட்டி நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல வண்டியை விட்டு விலகி நகரட்டும். குச்சியின் நுனி கண்ணில் பட்டதும் நிறுத்தி, இறங்கிப் போய் பம்பரிலிருந்து எத்தனை அடி என்று எண்ணுங்கள். பக்கத்தில் நிற்கும் சின்னக் காரிலும் அதையே செய்யுங்கள். முன் கேமரா இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்வார். அதை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்.